ஷாஸியாவின் பத்தொன்பதாம் நோன்பு

திருவொற்றியூர்,
10.4.2025

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் பெண்டாட்டி ஷாஸியாவும் சுகம், தோஹாவில் நீயும் உன் ரூம் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சுகம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் கண்ணு, ஏனென்றால் மூன்று வாரமாக நீ போனில் கேட்கும்போதெல்லாம் இதையேதான் சொன்னேன், ஆனால் எல்லா நாளும் அது உண்மையாக இருக்கவில்லை. இன்றைக்கு உண்மை. அதனால் பயப்படாமல் படி. உன் ரூம் பையன் ஜெபின் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறானாம், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பலாம் என்று அவன் வீட்டுக்குப் போனவள், கூடவே கடிதமும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போனில் பேசலாம்தான், ஆனால் ஷாஸியா பக்கத்திலேயே இருக்கிறாள், அதோடு பெற்ற பிள்ளையிடம் இந்த மாதிரி பெண்கள் விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. எனக்கே இதில் பாதி இன்னும் விளங்கவில்லை, எனக்கு விளங்கிய வரைக்கும் எழுதுகிறேன்.

நோன்பு தொடங்கி ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டு முடித்து, பதிவேடு எழுதிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அன்று காலையிலிருந்தே எண்ணூர்க் கம்பெனிப் பக்கத்திலிருந்து அந்த நாற்றம், உனக்குத்தான் தெரியுமே, கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட ஷாஸியா குழாயடியில் குந்திக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம்தான் காரணம் என்று நான் நினைத்துவிட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டேன், வாயைக் கழுவிவிட்டேன், உள்ளே உட்காரவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளர் கையில் கொடுத்தேன். வயிற்றில் இருந்ததே வெளியே வந்துவிட்ட பிறகு நோன்பு எங்கே இருக்கும் என்பது என் கணக்கு. அவளும் கிறுகிறுப்பில் பாதி டம்ளர் குடித்துவிட்டாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இன்னா அத்தே பண்ணிட்டீங்க, அது போவலியே" என்று அழ ஆரம்பித்தாள். வாந்தி தானாக வந்தால் நோன்பு முறியாதாம், விரலை விட்டு வேண்டுமென்றே எடுத்தால்தான் முறியுமாம். எனக்கு எப்படித் தெரியும் சொல். மறந்துபோய்க் குடித்தால் குற்றமில்லை என்று அவளே முன்பு ஒருநாள் சொல்லியிருந்தாள், அதனால் நீ மறந்துதானே குடித்தாய், விடு என்றேன். "மறந்து குடிச்சேனா தெரிஞ்சே குடிச்சேனான்னு எனக்கே தெரியல அத்தே" என்றாள்.

என் கையால் கெட்டுப்போனதை நானே கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மார்க்கெட் முனையில் பிரியாணிக் கடை பாயைக் கேட்டேன், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாந்தி எடுத்தாலே நோன்பு போச்சு, அதுக்கு மேல தண்ணியும் குடிச்சாங்கன்னா அறுபது நாள் விடாம நோன்பு வைக்கணும் என்றார். அறுபது நாள் அந்தப் பெண் என்ன ஆவாள். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கார பாய் அதைக் கேட்டுவிட்டு, "அவரு சொல்றத இன்னாத்துக்குக் கேட்டுகினு கீறீங்க, வாந்தியால ஒண்ணும் ஆவாது, தண்ணி தெரியாம குடிச்சதுதானே, அப்பிடியே வுடுங்க" என்றார். இரண்டு பேரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு பள்ளிவாசலுக்கே போய் வாசலில் நின்றேன். அங்கே தொழவைக்கிற ஹஜ்ரத் வயதானவர், என்னை நிழலில் வந்து நிற்கச் சொல்லி நிதானமாகக் கேட்டார். வாந்தி தானா வந்துச்சா, வரவழைச்சாங்களா. தானாக என்றேன். அப்படின்னா அதால நோன்பு முறியல என்றார். நோன்பு போய்விட்டது என்று நினைத்து நான்தான் குடிக்கக் கொடுத்தேன் என்றதும், குடிச்சதால போயிடுச்சும்மா, அதுக்குப் பதிலா பின்னால ஒரே ஒரு நாள் வச்சா போதும், அறுபதெல்லாம் இதுக்குக் கிடையாது என்றார். எனக்கு உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரும்மா என்றார். மருமகள் என்றேன். முழுகாம இருக்காங்களோ, அதையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க என்றார். எத்தனை பெண்களைப் பார்த்தவள் நான், நீ லீவில் வந்து போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்குத் தோன்றவில்லை, தாடி நரைத்த அந்தப் பெரியவருக்குத் தோன்றியது. முழுகாமல் இருந்து உடம்புக்குப் பயமாக இருந்தால் நோன்பை விடலாம், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார். வரும் வழியில் மெடிக்கலில் பரிசோதனை அட்டை வாங்கினேன். இரண்டு கோடு. மறுநாள் ஷாஸியா உன்னிடம் சொன்னபோது நீ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, அது உனக்கே நினைவிருக்கும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். டாக்டரம்மா நோன்பு வேண்டாம் என்றுதான் சொன்னார். இவள் கேட்கவில்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்குக் கஞ்சி நான் வைத்துக் கொடுத்தேன், ஆனால் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஹஜ்ரத்தே விடலாம் என்றாரே என்றால், "வுடலாம்னுதானே சொன்னாரு, வுடணும்னு சொல்லலியே, எனக்கு நல்லாதான் கீது" என்பாள். ஷிப்பிங் ஆபீசுக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கோபத்தில் உனக்கு இதில் அப்படி என்னடி வீம்பு என்று கேட்டுவிட்டேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் உங்கள் கல்யாணம் முடிந்த அன்று அவள் அம்மா முனீரா போனில் கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள். "உனக்கு இனிமே தீனும் இல்ல, தாயும் இல்ல." தீன் என்றால் மார்க்கமாம். தாய் போனது போனதுதான் அத்தே, இன்னொண்ணு போவலன்னு எனக்காச்சும் தெரியணும் இல்ல என்றாள். இரண்டு வருஷமாக நம் வீட்டில் இருக்கிறாள், உன்னிடம் இதைச் சொல்லியிருக்கிறாளோ என்னவோ, என்னிடம் அன்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டுமோ என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நோன்பு, வியாழக்கிழமை. அரை நாள் லீவு போட்டு வந்து படுத்திருந்தாள். நாலு மணி சுமாருக்குப் பாத்ரூமுக்குப் போனவள் வரவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து மெதுவாக, "அத்தே, ரத்தம் படுது" என்றாள். கதவைத் திற என்று கத்தினேன். அவள் திறக்கவில்லை. "இது மாசத்து ரத்தமா, வேற ரத்தமா அத்தே? மாசத்து ரத்தம்னா என் நோம்பு போச்சு. வேறன்னா போவல. எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று நான் துடிக்கிறேன், இவள் நோன்பைப் பற்றிக் கேட்கிறாளே என்று. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள், குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆட்டோவில் ஏற்றி நாலு தெரு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாதத்து ரத்தம் என்றால் வயிற்றில் பிள்ளை இல்லை என்று அர்த்தம். நோன்பு நிற்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் பிள்ளையும் நிற்கிறது. பிள்ளையைப் பற்றி நேராகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அதனால் நோன்பை வைத்துக் கேட்டிருக்கிறாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய. நைனா அப்போது சாத்தாங்காட்டில் டிரெய்லரில் இருந்து கம்பிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார், போன் போட்டால் இரும்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நர்சிங் ஹோம் நர்சிங் ஹோம் என்று நாலு தடவை கத்தினேன்.

நர்சிங் ஹோமில் ஊசி போட்டார்கள், பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இவள் நர்ஸ் முகத்தையும் என் முகத்தையும் பார்க்கிறாள். ரத்தம் எடுத்தால் முறியாது என்று அவளே முனகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த நர்ஸ் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, சீக்கிரம் குடிம்மா, மூத்திரப் பை நிறைஞ்சாதான் ஸ்கேன்ல பிள்ளை தெரியும், ஸ்கேன் டாக்டர் ஆறு மணிக்குக் கிளம்பிடுவாரு என்றாள். மணி ஐந்து. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருக்கிறது. ஷாஸியா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள். குடிடா கண்ணு என்றேன். தலையை ஆட்டினாள். கெஞ்சினேன், பாரி மேல் ஆணை என்றேன், காலைக்கூடப் பிடிக்கப் போனேன். "குடிச்சிட்டுப் பார்த்து, உள்ள ஒண்ணும் இல்லன்னா, ரெண்டும் போச்சு இல்ல அத்தே" என்றாள். கடிகாரம் ஐந்து பத்து. யாரைக் கேட்பது. ஹஜ்ரத் நம்பர் என்னிடம் இல்லை. பிரியாணிக் கடை பாயை நினைத்தேன், வேண்டாம் என்றிருந்தது. அப்போதுதான் அவள் போனை எடுத்து, அவள் அம்மாவுக்கு அம்மி என்று போட்டிருந்த நம்பரைப் பார்த்து என் போனில் அடித்தேன். அவள் போனிலிருந்து போனால் எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ராயபுரத்தில் அந்த அம்மாள் போனை எடுத்து யாரு என்றார். நான் பாரியோட அம்மா என்றேன். போனை வைத்துவிடவில்லை, பின்னால் ஷாஸியாவின் அண்ணன் அப்சலின் ஒர்க்ஷாப்பில் வண்டி முறுக்கும் சத்தம் கேட்டது. நான் உறவு பேச வரலீங்க, உங்க மார்க்கத்துல ஒரு சந்தேகம், அத மட்டும் சொல்லிடுங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், முழுகாமல் இருப்பது, ரத்தம் பட்டது, ஸ்கேனுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது, பாட்டிலைப் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது. குடிக்கலாமா கூடாதா, எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லீங்க என்றேன். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் நின்றது. "அவ கையில போனைக் குடுங்க" என்றார். காதில் வைத்தேன். உருதுவில் பேசியதால் எனக்கு ஒன்றும் புரியவில்லை, இவள் ஹாங் அம்மி, ஹாங் அம்மி என்பதை மட்டும் சொன்னாள். பிறகு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பாட்டிலைத் திறந்தாள். விக்கி விக்கி, கழுத்தெல்லாம் சிந்தி, முழு லிட்டரையும் குடித்துவிட்டாள். அவள் குடித்து முடிக்கும் வரை அந்த அம்மாள் போனை வைக்கவில்லை.

ஸ்கேன் அறைக்குள் நானும் போனேன். டாக்டர் வயிற்றில் கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார், எனக்கு அந்தத் திரையில் மழைக்காலத்து மேகம் மாதிரி மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு இடத்தில் நிறுத்தி, இதோ துடிக்குது பாருங்க என்றார். ஒரு உளுந்து அளவு இடத்தில் விட்டு விட்டு மின்னியது. பிள்ளைப் பையின் ஓரத்தில் கொஞ்சம் ரத்தக் கசிவு, பதினைந்து நாள் படுக்கையில் இருக்க வேண்டும், நோன்பு கூடவே கூடாது, மறுபடி பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அந்தப் பதினைந்து நாள்தான் பாரி நான் உன்னிடம் பொய் சொன்ன நாள்கள். வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று பயந்தோம். போன வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன் பார்த்தாயிற்று, கசிவு வற்றிவிட்டது, பிள்ளை வளர்ந்திருக்கிறது, ரிப்போர்ட் நகலை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டதற்குக் கோபப்படு, என்மேல் படு, அவள்மேல் வேண்டாம்.

போனில் அவள் அம்மா என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். வயித்துல பிள்ளை இருக்கும்போது படுற ரத்தம் மாசத்து ரத்தம் இல்ல, அதால உன் நோம்பு போவல, இப்ப நீயா அதைத் திறந்துடு, உனக்கு அனுமதி கீது, நான் சொல்றேன் என்றாராம். பிறகொரு நாள் ஹஜ்ரத்தைத் தெருவில் பார்த்து நன்றி சொல்லும்போது இதையும் சொன்னேன். அவர் சிரித்து, அவங்க உருதுக்காரங்க, ஹனபி, அவங்க சட்டப்படி அது சரி, எங்க ஷாபி சட்டத்துல அந்த ரத்தத்துக்கு வேற மாதிரியும் சொல்லுவாங்க, ஆனா தண்ணி குடிக்கலாம்னதுல ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல என்றார். இதிலும் இரண்டு கட்சியா என்று எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஆறாம் நாளுக்கு ஒன்று, பத்தொன்பதாம் நாளுக்கு ஒன்று, படுத்துக் கிடந்த பத்து நாளுக்குப் பத்து என்று பன்னிரண்டு நோன்பு பாக்கி என்று ஷாஸியா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது முனீராம்மா விஷயம், இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். ஸ்கேன் பார்த்த மறுநாளே அப்சல் வண்டியில் வந்து இறங்கிவிட்டார். அவன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். அந்த அம்மாள் உள்ளே வந்தார், நேராக மகள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். ஷாஸியா மெதுவாகத் தமிழிலேயே, எனக்குப் பதிலா நீ அந்த நோம்புங்கள வைக்கக் கூடாதா அம்மி என்று கேட்டாள். "உன் நோம்ப நீதான் வைக்கணும், அதுக்கு நீ நல்லா இருக்கணும்" என்றார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை, நோன்பு. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் வண்டியேறிவிடுவார். எனக்குள் ஒரு முள் உறுத்த ஆரம்பித்தது. நோன்பு என்பதால் நம் வீட்டில் வாய் நனைக்காமல் போகிறாரா, நம் வீடு என்பதால் நனைக்காமல் போகிறாரா. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள் நான், நம் வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லோரும் இப்படித்தான் நல்ல காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நைனாவிடம் சொன்னால், "உனக்கு வேற வேல இல்ல, பெருநாள் முடியட்டும், தெரிஞ்சிடப்போவுது" என்றார். பெருநாள் முடிந்த மறுநாள் வந்தார். இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக்கொண்டு போனேன். இன்னிக்கு நோம்புங்க என்றார். நோன்புதான் முடிந்துவிட்டதே. சரி, இதுதான் பதில் என்று டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிங்கில் கொட்டிவிட்டேன். அவர் போன பிறகு ஷாஸியாதான் சிரித்தாள், பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு உண்டாம், கட்டாயம் இல்லையாம், வைத்தால் நன்மையாம். நம்புவதா வேண்டாமா என்று ஆறு நாள் தவித்தேன்.

ஆறும் முடிந்து திங்கள்கிழமை வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, எதுவும் வைக்கவும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்பதுபோலப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இன்னாங்க, அன்னிக்கு இஞ்சி டீ போட்டீங்களே, இன்னிக்குக் கிடையாதா" என்றார். எழுந்து போய்ப் போட்டேன். பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். டம்ளரை நீட்டியதும் வாங்கி ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். "சக்கரையை அள்ளிப் போட்டுக்கீறீங்க, எனக்கு சுகர் கீதுங்க, அடுத்த தடவை போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்து முடித்தார்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை முனீராம்மாவுக்கு நீயே போன் செய், நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எதையும் விளக்கிக்கொண்டிருக்காதே, எப்படி இருக்கீங்க என்று மட்டும் கேள். எடுக்காவிட்டால் மறுநாளும் செய். ஷாஸியாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன், எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. நீயும் உன் பெண்டாட்டியும் வரப்போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டு,

உன் அம்மா,
ஜெ. யசோதரா